அமானிதமும் மருத்துவ அறமும்: பட்டாசு வட்டாரத்தை முன்வைத்துச் சில அளவுகோல்கள்

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்துச் சிதறியது. நாற்பதுக்கு அணித்தான உயிர்கள் மாண்டன. மாண்டோருள் கணிசமானோர் அத்தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் என்னவென்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார். காயமுற்றவர்கள் சிவகாசிக்கும் விருதுநகருக்கும் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரும் அவ்வட்டாரத்தில் தீ அணைந்தபாடில்லை.

ஒவ்வொரு விபத்தின் பின்னும் நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரிக்கப்படுகிறது. வெந்த உடல்களின் படங்கள் கைபேசிகளில் வலம் வருகின்றன. மனம் இளகுகிறது, கை நீள்கிறது. கொடுத்த பணம் எங்கே சென்றது, எவருடைய புண்ணை ஆற்றியது என்று பின்னர் கேட்போர் மிகச் சிலரே. கேட்பதை ஐயப்படுதல் என்றும், ஐயப்படுதலை ஈமானின் குறை என்றும் நம்மிற் பலர் கருதிவிடுகின்றனர்.

இக்கருத்து பிழையானது. பொருள் அல்லாஹ்வுடையது, நாம் அதன் பொறுப்பாளர்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடமே சேர்ப்பிக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை (திருக்குர்ஆன் 4:58). உரியவரிடம் சேர்ந்ததா என்று பார்ப்பது அக்கட்டளையின் ஒரு பகுதியே அன்றி அதற்கு மாறானதன்று. எனவே, மருத்துவத் தொண்டு செய்வதாகக் கூறும் ஓர் அறநிறுவனத்தை முஸ்லிம் கொடையாளர் எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதை, விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு வட்டாரத்தை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

முன்னோர் கண்ட முறை

மருத்துவ அறம் நமக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நூருத்தீன் ஸங்கி திமிஷ்க் நகரில் நிறுவிய பீமாரிஸ்தானும், 1284-இல் மம்லூக் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டி முடித்த மன்ஸூரி மருத்துவமனையும் உலகறிந்தவை. பின்னதில் காய்ச்சல் நோயாளர், கண் நோயாளர், அறுவை வேண்டுவோர், பெண்கள் எனத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. செல்வர், வறியர், உள்ளூரார், அயலூரார் என்ற வேறுபாடு அங்குப் பார்க்கப்படவில்லை. குணமாகி வெளியேறுவோருக்கு உடை அளிக்கும் ஏற்பாடும் இருந்ததாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன.

இவற்றை நாம் பெருமைக்காக நினைவுகூர்கிறோம். ஆனால் இவை எவ்வாறு நிலைத்து நின்றன என்பதை நினைப்பதில்லை. கடைகள், சந்தைகள், விளைநிலங்கள் ஆகியவற்றின் வருவாய் வக்ஃபாக ஒதுக்கப்பட்டது. எந்த வருவாய் எந்தச் செலவுக்கு என்பது வக்ஃபுப் பத்திரத்தில் விரிவாக எழுதப்பட்டது. அதை நிறைவேற்றும் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். மருத்துவர்களின் தகுதியையும் நடத்தையையும் சோதிக்கும் பொறுப்பு முஹ்தஸிப் என்னும் அலுவலருக்கு இருந்தது. அவர் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கையேடுகள் எழுந்தன. அக்காலத்தில் கருணையும் கணக்கும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டன. இன்று நாம் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம்.

தீக்காயம் கேட்பது என்ன?

ஓர் அறநிறுவனத்தை எடைபோடுமுன் அது எதிர்கொள்ளும் நோயை அறிதல் வேண்டும். தீக்காயம் ஒரு நாள் நோயன்று. அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு.

முதற்கட்டம் மணிக்கணக்கில் அமைவது. வெந்த இடத்தின்மீது ஏறத்தாழ இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுவது முதலுதவி. பிறகு உடற்பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெந்தது என்று மருத்துவர் கணிப்பார்: ஒரு கை ஒன்பது, ஒரு கால் பதினெட்டு, உடலின் முன்புறம் பதினெட்டு, பின்புறம் பதினெட்டு, தலை ஒன்பது என்பது வழக்கிலுள்ள கணக்கு. பெரிய காயங்களில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியாக வேண்டும். நெடுநாள் வழக்கிலுள்ள ஒரு வாய்பாட்டின்படி, 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு உடலில் 40 விழுக்காடு வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர் திரவம் தேவை. அதில் பாதி முதல் 8 மணி நேரத்திற்குள் செல்ல வேண்டும். அந்த 8 மணி நேரம் மருத்துவமனையை அடைந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதன்று. தீப்பட்ட நேரத்திலிருந்தே எண்ணப்படுவது. சிறுநீரின் அளவைப் பார்த்து மருத்துவர் இதனைக் கூட்டியும் குறைத்தும் கொள்வர்.

கொடையாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. நம்மவர்கள் ஆம்புலன்ஸ் வாங்கித் தருவதில் மிகுந்த விருப்பம் உடையவர்கள். வண்டியின் பக்கவாட்டில் பெயர் எழுத இடமுண்டு. ஆனால் ஊசி ஏற்றத் தெரிந்த பணியாளரும் திரவப் புட்டிகளும் உயிர்வளியும் இல்லாத ஆம்புலன்ஸ், மதுரை வரையிலான எழுபது கிலோமீட்டரில் வெறும் வாகனமே. தமிழகத்தில் 2008 முதல் 108 சேவை இயங்கி வருகிறது. அது சென்றடையாத எந்த இடைவெளியை இந்த வண்டி நிரப்புகிறது என்று கேட்காமல் கொடுப்பது வண்டிக்குக் கொடுப்பதேயன்றி நோயாளிக்குக் கொடுப்பதாகாது.

இரண்டாம் கட்டம் வாரக்கணக்கில் அமைவது. தோல் என்னும் காப்பை இழந்த உடலில் கிருமித்தொற்று புகும். புண்ணைத் துப்புரவாக்கிக் கட்டுதல், இறந்த திசுவை நீக்குதல், உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுதல், மிகுதியான புரத உணவு ஆகியன அப்போது தேவை. பட்டாசுத் தொழிலாளருள் பெண்கள் பெருந்தொகையினர். ஆதலின் கட்டு மாற்றுகையில் பெண் பணியாளர் இருக்கின்றனரா, மறைப்பு உண்டா என்பதும் கேட்கத்தக்கதே.

மூன்றாம் கட்டம் ஆண்டுக்கணக்கில் அமைவது. கொடையாளர் கண்ணுக்குப் பெரும்பாலும் தென்படாதது. ஆறிய தோல் சுருங்கும். கழுத்து மார்போடு ஒட்டும். விரல்கள் மடங்கிப் போகும். இதனைத் தடுக்க மூட்டுகளை நேராக நிறுத்தும் தாங்கு பட்டைகளும் நாள்தோறும் இயன்முறைப் பயிற்சியும் வேண்டும். உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஆடையை நாளில் ஏறத்தாழ 23 மணி நேரம், ஓராண்டோ அதற்கு மேலுமோ அணிந்திருக்க வேண்டும். சுருக்கம் நேர்ந்துவிட்டால் மீண்டும் அறுவை. கந்தக பூமியின் வெயிலில், ஓட்டு வீட்டில், இறுக்கமான அந்த ஆடையை அணிந்திருக்கும் பெண்ணுக்கு அதன் மாற்று ஆடையை யார் வாங்கித் தருவது? பயிற்சிக்கு வாரந்தோறும் பேருந்தில் சென்றுவரும் நாளின் கூலியை யார் ஈடுசெய்வது? தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற விரல்கள் மீண்டும் ஒரு சோற்றுருண்டையைப் பற்றும் நிலைக்கு வருமா என்பது இக்கட்டத்திலேயே முடிவாகிறது.

ஆகவே முதல் அளவுகோல் இது: நிறுவனம் எத்தனை பேரை மருத்துவமனையில் சேர்த்தது என்று மட்டும் கூறுகிறதா, அல்லது ஓராண்டுக்குப் பின் அவர்களில் எத்தனை பேர் கையை உயர்த்த முடிகிறது, வேலைக்குத் திரும்பினர் என்றும் கூறுகிறதா? முதலாவது எண் செலவைக் காட்டும். இரண்டாவது எண் பயனைக் காட்டும்.

நான்கு பைகள்

முஸ்லிம் கொடையாளரின் பணம் ஒரே தன்மையுடையதன்று. ஸகாத், ஸதகா, வக்ஃபு, விலக்கப்பட்ட வழியில் கைக்கு வந்த வங்கி வட்டி என நான்கு பைகளாக அதனைப் பிரித்துக் காண வேண்டும். இப்பிரிவைப் பேணாத நிறுவனம் எவ்வளவு திறம்படப் பணியாற்றினும் நம் ஸகாத்தை ஏற்கும் தகுதி உடையதன்று.

ஸகாத்துக்கு உரியோர் எட்டுப் பிரிவினர் (திருக்குர்ஆன் 9:60). ஹனஃபி மத்ஹபில் ஸகாத் நிறைவேற ‘தம்லீக்’ அவசியம். அதாவது பொருளை உரிய வறியவருக்கு உடைமையாக்க வேண்டும். ஆதலின் ஸகாத்தைக் கொண்டு மருத்துவமனைக் கட்டடம் எழுப்புவதோ ஆம்புலன்ஸ் வாங்குவதோ அம்மத்ஹபின்படி கூடாது. இராவுத்தர்கள் மிகுதியாக வாழும் தென்மாவட்ட உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழக்கே பெரிதும் உள்ளதால் இவ்விதி நமக்கு நேரடியாகப் பொருந்துவது. வறிய நோயாளியின் கையில் பணமாகவோ மருந்தாகவோ அழுத்த ஆடையாகவோ தருவதில் தடையில்லை. மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டவேண்டிய இடத்தில், நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ நிறுவனத்தைத் தம் சார்பாளராக நியமித்து எழுத்தில் இசைவு தருவர். நிறுவனம் அவர் சார்பில் ஸகாத்தைப் பெற்று அவர் சார்பிலேயே கட்டணம் செலுத்தும். இந்தப் படிவம் இருக்கிறதா என்று கேட்டாலே ஒரு நிறுவனத்தின் ஃபிக்ஹ் அறிவு எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

எட்டுப் பிரிவினருள் கடன்பட்டோரும் உளர். பட்டாசு வட்டாரத்தில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் முன்பணம் வாங்கி உழைப்பால் அதனைக் கழிப்பது நெடுநாள் வழக்கம். உழைக்கும் கை வெந்துபோனால் முன்பணம் கடனாகவே நிற்கும். அதன்மேல் சிகிச்சைக் கடனும் ஏறும். வறிய முஸ்லிம் தொழிலாளர் ஒருவரின் இக்கடனைத் தீர்க்க ஸகாத் தருவது அதன் நேரிய இலக்கே.

காலமும் இடமும்கூட எண்ணத்தக்கவை. நாம் ஒரு நிறுவனத்திடம் ஸகாத்தைக் கொடுக்கும்போது, பொதுவாக அது நம் சார்பாளராகவே நிற்கிறது. பணம் ஏழையின் கையைச் சேரும்வரை நம் கடமை முற்றுப்பெறுவதில்லை. ஸகாத்தை ஈராண்டு நிரந்தர வைப்பில் போட்டு வைக்கும் நிறுவனம் தன் கணக்கை வளர்க்கிறது. நம் கடனை நம் கழுத்திலேயே விட்டுவைக்கிறது. அவ்வாறே ஓர் ஊரின் ஸகாத் அவ்வூரின் வறியவருக்கே முதலில் உரியது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் அதனை வேற்றூருக்கு அனுப்புதல் கூடாது. ஹனஃபி மத்ஹபில், உறவினரோ தேவை மிக்கவரோ அங்கிருந்தாலன்றி, அது வெறுக்கத்தக்கது. தொலைதூரத்துப் போர்க்களப் படங்கள் கண்ணைக் கவர்கையில் சாத்தூரும் திருத்தங்கலும் வெம்பக்கோட்டையும் நினைவிலிருந்து நழுவக்கூடாது.

வங்கி வட்டியை நன்மை நாடாது வறியவருக்குக் கொடுத்துக் கழித்துவிடுமாறு உலமாக்கள் பலர் வழிகாட்டுகின்றனர். அதற்கும் தனிக் கணக்கு வேண்டும். கட்டடம், கருவி, வண்டி, பணியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கு ஸதகாவும் வக்ஃபும் தக்கவை. ஸதகத்துல் ஜாரியா என்று நாம் போற்றும் நிலையான தர்மத்திற்கு, ஓர் இயன்முறைப் பயிற்சியாளரின் ஊதியத்தை ஆண்டுதோறும் தரும் ஒரு கடை வாடகையினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்பது அரிது.

வெந்தவர் எவராயினும்

இப்போது நாம் தவிர்க்க முடியாத வினாவுக்கு வருகிறோம். பட்டாசு அறைகளில் பணிபுரிவோருள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அப்படியாயின் முஸ்லிமின் கொடை அவர்களுக்குச் செல்லலாமா?

ஸகாத்தைப் பொறுத்தவரை, உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியோர் என்ற பிரிவு நீங்கலாக, அது முஸ்லிம் வறியவருக்கே உரியது என்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. மாற்றுக் கருத்தும் பண்டே உண்டு. உமர் (ரலி) அவர்கள் இரந்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவருடைய இளமையின் உழைப்பைப் பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்ற கருத்துப்படப் பேசி, பைத்துல்மாலிலிருந்து உதவி ஒதுக்கினார்கள். மிஸ்கீன்கள் என்ற சொல்லில் வேதக்காரரின் வறியோரையும் அடக்கினார்கள் என்று இமாம் அபூயூஸுஃப் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார். ஹனஃபி அறிஞருள் இமாம் ஸுஃபர் இதற்கு இசைந்ததாகக் கூறப்படுவதுண்டு. எனினும் கடமையான வணக்கத்தில் பெரும்பான்மைக் கருத்தைப் பேணுவதே கொடையாளருக்கு மன அமைதி தரும்.

ஸதகாவிலோ இத்தகைய தடை ஏதும் இல்லை. பிற சமயத்து உறவினருக்குக் கொடுக்கத் தயங்கிய தோழர்களை முன்னிட்டு, நேர்வழி காட்டுவது இறைவன் பொறுப்பு, கொடுப்பதன் பலன் கொடுப்பவருக்கே என்ற கருத்துடைய வசனம் (2:272) இறங்கியது. நம்மோடு போரிடாதோருக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் இறைவன் தடுக்கவில்லை (60:8). ஃபித்ரா தர்மத்தைக்கூட முஸ்லிமல்லாத வறியவருக்குத் தரலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து.

ஆகவே மருத்துவ அறநிறுவனம் செய்ய வேண்டுவது, ஸகாத் பையிலிருந்து எடுப்பதையும் ஸதகாப் பையிலிருந்து எடுப்பதையும் கணக்கேட்டில் பிரித்துக்கொள்வது. சிகிச்சைக் கூடத்தில் பிரிக்காமல் இருப்பது. கட்டு மாற்றும் செவிலியருக்கு நோயாளியின் சமயம் தெரிய வேண்டியதே இல்லை. முதலிப்பட்டியில் உதவ ஓடிவந்து மாண்டவர்கள் உள்ளே வெந்துகொண்டிருந்தவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்டுக்கொண்டு ஓடவில்லை.

இரு சான்றுகள்

எடைபோடும் முறைக்கு இரண்டு நிறுவனங்களைச் சான்றாகக் கொள்ளலாம். இரண்டும் முஸ்லிம் நிறுவனங்கள் அல்ல. அதனாலேயே அளவுகோலைப் பற்றின்றிப் பொருத்திப் பார்க்க அவை உதவுகின்றன.

முதலாவது நம் பக்கத்து மதுரையில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு செலுத்த இயலாதோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் முறையை வளர்த்தது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை எட்டாததாக இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கித் தானே அதனை மலிவாக உருவாக்கியது. அறுவைக்குப் பின் நேரும் சிக்கல்களை எண்ணிப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுங்கும் அங்குண்டு. நிறுவனரின் ஆன்மிக ஈடுபாடு அதன் பெயரில் தெரிகிறது. அப்பெயர் நமக்குத் தடையன்று. படுக்கையருகில் சமயம் திணிக்கப்படுகிறதா, வறியவரும் செல்வரும் ஒரே தரமான சிகிச்சை பெறுகின்றனரா என்பனவே கேள்விகள். நன்கொடையை எதிர்பாராமலே மருத்துவ அறம் நிலைக்கக்கூடும் என்பது அது தரும் பாடம். ஒரு வகையில் அது வக்ஃபின் தத்துவத்துக்கு அணுக்கமானது.

இரண்டாவது, 1971-இல் பாரிஸ் நகரில் மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் கூடித் தொடங்கிய ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு. 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. பிகாரில் கருங்காய்ச்சலுக்கும் மும்பையில் மருந்துக்கு மசியாத காசநோய்க்கும் பணியாற்றியது. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் அதன் மருத்துவமனைமீது அமெரிக்க விமானம் நடத்திய தாக்குதலில் 42 பேர் மாண்டனர். அதன் வருவாயில் பெரும்பங்கு தனிமனிதர்களின் சிறு கொடைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அகதிக் கொள்கையை ஏற்காது 2016-இல் அவ்வொன்றியத்தின் நிதியையும் அதன் உறுப்பு நாடுகளின் நிதியையும் வேண்டாமென மறுத்தது. பணம் தருபவர் எவரோ அவருக்கு அடிமையாகாதிருத்தல் என்ற பண்பை இங்குக் காண்கிறோம்.

ஆயினும் நம் ஆய்வுக்கு மிகவும் உகந்த நிகழ்ச்சி வேறொன்று. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் முதல் ஆச்சே வரை கடற்கரைகளைச் சுனாமி விழுங்கியபோது உலகெங்கும் நிதி குவிந்தது. 2005 ஜனவரியின் தொடக்கத்திலேயே இவ்வமைப்பு, சுனாமிப் பணிக்குத் தனக்கு வேண்டிய நிதி வந்துவிட்டது, இனி அதற்கென அனுப்ப வேண்டா என்று அறிவித்தது. மிகுந்த பணத்தை வேறு துயரங்களுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடையாளரிடம் கேட்டது. மிகப் பெரும்பாலோர் இசைந்தனர். கொடுத்தவரின் நிபந்தனை கொடுக்கப்பட்ட பொருளைத் தொடர்கிறது. அவர் இசைவின்றி அதனை மாற்றுவது மோசடி என்பது நம் ஃபிக்ஹின் வக்ஃபு விதிகளிலும் வகாலத் விதிகளிலும் ஊறிய கருத்து. அதனை நம்மவர் அல்லாத ஓர் அமைப்பு நடைமுறையில் காட்டியது நாம் நாணிக் கற்க வேண்டிய பாடம். அதன் குறைகளும் மறைக்கப்படவில்லை: 2020-இல் அதன் பணியாளர் ஆயிரம் பேரளவில் அமைப்புக்குள் நிறவேற்றுமை உண்டென்று எழுதியபோது, அக்குறை உலகறியப் பேசப்பட்டது. குறை பேசப்படும் நிறுவனத்தை அதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை. குறையே இல்லை என்று கூறும் நிறுவனத்தையே கூர்ந்து நோக்க வேண்டும்.

இவ்வமைப்பின் பொது நிதிக்கு ஸதகா தரலாம். ஸகாத்தைப் பொறுத்தவரை, அதனைத் தனிக்கணக்கில் வைத்துத் தகுதியுடைய வறியவருக்கே உடைமையாக்கும் ஏற்பாடு எழுத்தில் உறுதி செய்யப்பட்டாலன்றி, கொடையாளர் வேறிடம் பார்ப்பதே பேணுதல். இவ்விதி உள்ளூர் முஸ்லிம் அறக்கட்டளைக்கும் அவ்வாறே பொருந்தும். பெயர்ப்பலகையில் பிறை இருப்பது தம்லீக் ஆகிவிடாது.

நிர்வாகச் செலவு என்னும் மயக்கம்

‘எங்கள் நிறுவனத்தில் நிர்வாகச் செலவே கிடையாது’ என்ற அறிவிப்பு நம்மை எளிதில் கவர்கிறது. ஆனால் கணக்கர் இல்லாத இடத்தில் கணக்கு இருக்காது. நோயாளியை ஓராண்டு தொடர்ந்து பார்க்கும் களப்பணியாளருக்கு ஊதியம் தராத இடத்தில் தொடர் கவனிப்பு இருக்காது. ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடும் ஊழியருக்கும் இறைமறை ஒரு பங்கு வைத்துள்ளது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அப்பங்கு எட்டில் ஒன்றைத் தாண்டலாகாது என்றார். ஹனஃபி அறிஞர்கள் உழைப்புக்கேற்ற கூலி, ஆயினும் திரண்டதில் பாதியைத் தாண்டாது என்றனர். ஆட்சியாளர் நியமிக்காத இன்றைய தனியார் நிறுவன ஊழியர் இப்பிரிவில் அடங்குவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆதலின் ஊதியத்தை ஸதகாவிலிருந்து தருவதே ஐயமற்ற வழி. கேட்க வேண்டியது செலவு உண்டா என்பதன்று. எவ்வளவு, எந்தப் பையிலிருந்து, எதற்கு என்பதே.

அரசின் விதிகளும் நமக்குத் துணை. பதிவுச் சான்றும் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கும் கேட்டால் தரவேண்டும். 80ஜி என்ற எண்ணால் நமக்குப் பழக்கமான வரிச்சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடை தகுதி பெறாது. ரொக்கமாகவே தாருங்கள் என்று வற்புறுத்துவோரிடம் காரணம் கேட்கலாம். வளைகுடாவில் பணிபுரியும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற நம் உறவினர் தருவதோ வெளிநாட்டு நிதி. அதைப் பெற 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020-இல் செய்யப்பட்ட திருத்தம் அத்தகைய நிதியில் நிர்வாகச் செலவை 20 விழுக்காட்டுக்குள் அடக்கியதுடன், அந்நிதியை மற்றொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவதையும் தடுத்துவிட்டது.

உரிமையா, உதவியா?

இறுதியாக, மிக முக்கியமானதும் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதுமான வினா: நிறுவனம் தரும் உதவி, வேறொருவர் தரக் கடமைப்பட்ட ஒன்றுக்கு மாற்றாக நிற்கிறதா?

வேலையின்போது நேரும் காயத்துக்கு இழப்பீடு தருவது முதலாளியின் கடமை என்பது 1923-இலேயே சட்டமாயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் காப்பீட்டில் மருத்துவமும் இயலாமைக்கால உதவித்தொகையும் உண்டு. சிவகாசியிலேயே அதற்கென மருத்துவமனை இருக்கிறது. 2009-இல் தொடங்கி 2012-இல் புதிய பெயர் பெற்ற மாநிலக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் உரிமம் பெற்றவர் அறைகளைச் சட்டத்துக்குப் புறம்பாக உள்குத்தகைக்கு விடும் வழக்கம் இவ்வட்டாரத்தின் தீராத நோய். அங்கு வேலை செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பெயரில்லாத தொழிலாளிக்குக் காப்பீடும் இல்லை. இழப்பீடு கேட்கச் சான்றும் இல்லை.

இத்தகையவரின் மருத்துவக் கட்டணத்தை நாம் முன்வந்து செலுத்தினால் உயிர் பிழைக்கும்; அது வேண்டியதே. ஆனால் அத்துடன் நின்றால், நாம் அறியாமலே முதலாளியின் கடனை நம் தர்மத்தால் அடைத்தவர்களாகிறோம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நபி (ஸல்) அவர்களின் சமுதாயம் இதில் கவனமின்றி இருத்தல் தகாது. நல்ல நிறுவனம் முதல் வாரத்தில் மருந்து வாங்கித் தரும்; இரண்டாம் வாரத்தில் காப்பீட்டு அட்டை உண்டா என்று தேடும்; இல்லையெனில் வருகைச் சீட்டையும் சக தொழிலாளரின் வாக்குமூலத்தையும் திரட்டி இழப்பீட்டு மனுவை எழுதித் தரும். மனு எழுதும் வழக்கறிஞரின் கட்டணம் படத்தில் அழகாகத் தெரியாது. ஆனால் அதனால் கிடைக்கும் தொகை நம் துண்டில் விழும் பணத்தினும் பன்மடங்காக இருக்கக்கூடும்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டா என்பது இறைமறையின் எச்சரிக்கை (2:264). வெந்த பெண்ணின் உடலைப் படமெடுத்து அவளுடைய இசைவின்றி ஊரெங்கும் பரப்பி நிதி திரட்டுவது அவ்வெச்சரிக்கைக்கு உட்பட்டதே. அப்படம் நம் பணப்பையைத் திறக்கலாம். அவளுடைய மானத்தை மூடப் பின்னர் எந்தப் பணமும் உதவாது. அத்தகைய படம் வந்தால், கொடுக்குமுன் அதனை எடுத்தவரிடம் இசைவு பெற்றீர்களா என்று கேட்பதே நாம் செய்யும் முதல் தர்மம்.

நாம் செய்யத்தக்கது

மேற்கூறிய எதற்கும் பெரும் கல்வியோ தணிக்கையாளர் பட்டமோ தேவையில்லை. விருதுநகர், சிவகாசி, இராசபாளையம், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் ஜமாஅத்துகள் தத்தமக்குள் ஓர் ஆலிம், ஒரு மருத்துவர், ஒரு கணக்கர், ஒரு வழக்கறிஞர் என நால்வரைக் கூட்டி ஆண்டுக்கு இருமுறை அமர்ந்தால் போதும். நிதி கேட்டு வரும் நிறுவனத்திடம் நான்கு பைகளின் கணக்கையும், ஓராண்டுக்குப் பின் நோயாளிகளின் நிலையையும், தொடுத்த இழப்பீட்டு மனுக்களின் எண்ணிக்கையையும் அவர்கள் கேட்கட்டும். விடை சொல்லும் நிறுவனத்துக்குத் துண்டு விரிக்கட்டும். விடை சொல்ல இயலாத நிறுவனத்துக்கு அடுத்த முறை சொல்லக் கற்றுக்கொடுக்கட்டும். நிறுவனங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. நன்றாகக் கேட்கும் கொடையாளர் இருக்கும் ஊரில்தான் நன்றாகப் பணியாற்றும் நிறுவனம் வளரும்.

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு அறைகளில் வேலை நெருக்கும், விபத்தும் பெருகும். துண்டு விரிக்கும் நாள் வருமுன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டு வைத்திருப்பது நல்லது. தீப்பற்றிய பிறகு கணக்குக் கேட்க எவருக்கும் மனம் வராது. தீக்காயத்தின் 8 மணி நேரமும் நாம் கேட்டு முடிக்கும்வரை காத்திராது.